குடைமிளகாய்த் தேமலும் நீலப்பிடிக் கத்திகளும்

1

இரண்டாவது கோடு மெல்லத்தான் வந்தது.

நான் செய்கிற பரிசோதனை கிட்டத்தட்ட கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போன்றது. குடைமிளகாய் இலையில் ஒரு துண்டு கிள்ளி, மருந்துநீர் உள்ள சின்னப் பையில் போட்டுக் கசக்கி, காகிதப் பட்டையை அதில் நிறுத்த வேண்டும். மேலே ஒரு கோடு எப்போதும் வரும். பட்டை கெட்டுப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். கீழே இன்னொன்றும் வந்தால் செடிக்குள் வைரஸ் இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு கண்ணாடிப் பண்ணையில் வரிசை வரிசையாக நடந்து, சந்தேகப்பட்ட இலையைக் கிள்ளி, அந்தக் கீழ்க்கோட்டுக்காகக் காத்திருப்பதுதான் என் உத்தியோகம்.

அன்று காலை பையில் போட்டது இலை இல்லை. கத்தியிலிருந்து சுரண்டிய அழுக்கு.

என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் பியாட்டா போலந்துக்காரர். என் அம்மா வயது இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை. அவர் கையில் காலாவதி ஆகப்போகிற பட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. "வீணாக எறிவானேன்? உன் அலமாரியில் கிடக்கிறதே பழைய கத்தி, அதைக் கொடு" என்றார். நீலப் பிளாஸ்டிக் பிடி போட்ட மடக்குக் கத்தி. போன வருடச் செடிகளை வெட்டியது. இந்த வருடம் எல்லோருக்கும் மஞ்சள் கத்தி வந்துவிட்டது. பியாட்டா அதன் மடிப்புக்குள் ஊசியை விட்டு, காய்ந்து கறுத்திருந்த சாற்றைச் சுரண்டிப் பைக்குள் உதிர்த்தார்.

மேல்கோடு வந்தது. அப்புறம், யாரோ பென்சிலால் கீறி அழித்துவிட்டது போல, கீழ்க்கோடும் வந்தது.

"பார், உன் கத்திக்கு உடம்பு சரியில்லை" என்று பியாட்டா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நொடியில் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று: நோயை நாம் இலையில் தேடுகிறோம், அது இலைக்கு வரும்முன் நம் கையில் இருக்கிறது. இரண்டு: இந்தக் கத்தி கிடந்த அதே பெட்டியிலிருந்து எடுத்த நான்கு நீலக் கத்திகள் ஏரியூர்ப் பக்கம், எங்கள் ஊரில், என் அண்ணன் ஜானின் பசுமைக்குடிலில் இருக்கின்றன. போன கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த பரிசு.

அந்தக் குடிலில் இந்த வருடம் தேமல் விழுந்தது. இலையெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்து, காய் கோணிக்கொண்டு போனது. யார் கொண்டுவந்தது என்று அண்ணன் தவித்தபோது, இங்கிருந்து வீடியோவில் பார்த்து ஒரு பெயரில் பழியைப் போட்டவள் நான். குடிலில் வேலை செய்த செல்வி அக்காவின் பெயர்.

2

அன்று மதியம் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. குடியிருப்பு அட்டை முடிகிறது. புதுப்பிக்க விரல்ரேகை கொடுக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று எனக்கு ஞாபகப்படுத்தியது குடியேற்ற அலுவலகத்தின் கடிதம்தான்.

இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை. வலது ஆள்காட்டி விரல், சிவப்பு விளக்கு. கட்டைவிரல், சிவப்பு விளக்கு. கிருமிநாசினி நீரில் நாளுக்கு நாற்பது முறை முக்கி முக்கித் தோல் உரிந்திருந்தது. "கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள்" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த அலுவலர் அம்மையார். கழுவிவிட்டு வந்தேன். மறுபடி சிவப்பு. அடுத்த மாதம் இன்னொரு நாள் தந்தார்கள்.

வெளியே பேருந்துக்கு நிற்கும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். என் விரல் என்னுடையதுதானா என்று பார்க்க ஒரு இயந்திரம் இருக்கிறது. அந்த விரலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்க ஒன்றும் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் இறங்கியபோது விமான நிலையத்தில் பலகை வைத்திருந்தார்கள்: செடி, விதை, மண் கொண்டுவருகிறீர்களா? இல்லை என்று தலைநிமிர்ந்து நடந்து வந்தேன். பொய்யும் இல்லை. ஒரே ஒரு குடைமிளகாய் இலை எல்லை தாண்ட வேண்டுமானால் சான்றிதழ் கேட்பார்கள். துண்டில் சுற்றி, சாக்லெட் டப்பாவுக்கும் முகப்பூச்சுக்கும் நடுவில் வைத்த நான்கு கத்திகளை யார் கேட்கப்போகிறார்கள்?

வந்த புதிதில், இங்கத்திய பாஷை அரைகுறையாகத் தெரிந்த நேரம், மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய் "செடிக்கு நோய்" என்று சொல்ல நினைத்து "எனக்கு நோய்" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் படிவம் நிரப்பி, இரண்டு நாள் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பேருந்தில் உட்கார்ந்து அதை நினைத்தபோது, அன்று சொன்னது அவ்வளவு தப்பில்லையோ என்று தோன்றியது.

நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு திருப்பத்தூர்க் குடும்பம். அவர்கள் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்லுவாள். குடைமிளகாய் என்ற வார்த்தையே அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் அவள் அம்மாவிடம் நான் கத்திக் கதையைப் புலம்பிக்கொண்டிருந்தபோது, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி டச்சில் கேட்டாள்: "அந்தக் கத்திகளைக் குப்பைப் பெட்டியிலிருந்தா எடுத்தீங்க? அதையா பரிசு என்று கொடுத்தீங்க?"

"ஏய், பெரியவங்க பேசும்போது..." என்றாள் அவள் அம்மா.

பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? சாகுபடி முடிந்து தூக்கி எறிய ஒரு பெட்டியில் கொட்டி வைத்திருந்தார்கள். நல்ல எஃகு, ஊரில் கிடைக்காது என்று நானே பொறுக்கினேன். பியாட்டாகூட "எதற்கு இந்தப் பழசு?" என்றார். "எங்கள் ஊரில் இது தங்கம்" என்றேன். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று ஆக்கினேன். மடிப்புக்குள் மட்டும் சோப்புப் போகவில்லை. இங்கே எறிவது அங்கே பரிசாகும் என்ற கணக்கு என் தலைக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது? வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோர் பெட்டியிலும் அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்கள் பெட்டி எனக்கு எதற்கு? என் பெட்டியில் இருந்தது.

3

அண்ணன் குடிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வலைச் சுவர், மேலே பிளாஸ்டிக் தாள் கூரை, பத்து வரிசைச் செடி. வாசல் கிழக்கே. ஒவ்வொரு செடிக்கும் மேலே கம்பியிலிருந்து கயிறு இறங்கும். இரண்டு கிளையை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்தில் துளிர்ப்பதையெல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காடாகிவிடும். இந்தக் கிள்ளும் வேலைதான் கை படுகிற வேலை. ஒரு செடியில் பட்ட கை அடுத்த செடிக்கு, அது அதற்கடுத்ததற்கு.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் மந்திரிக்காமல் புழக்கத்துக்கு வராது. மோட்டார் வாங்கினாலும் மண்வெட்டி வாங்கினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்க வேண்டும். நான் கொடுத்த கத்திகளை ரோஸி அண்ணி தட்டில் வைத்து, கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் நீட்டினார். சாமியார் ஜெபம் சொல்லித் தெளித்தார். "சீமைக் கத்தி போல இருக்கே?" என்று அவரும் ஒன்றை மடக்கிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீர்த்தம் கத்திமேல் பட்டது. மடிப்புக்குள் அதுவும் போகவில்லை.

மறுவாரம் நான் கிளம்பும் முன்னால் குடிலுக்குள் போய் எல்லோருக்கும் எப்படிப் பிடிப்பது, எப்படி வெட்டுவது என்று சொல்லிக் காட்டினேன். அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, வேலைக்கு வரும் இன்னொரு பெண்ணுக்கு ஒன்று. நாலாவதைச் செல்வி அக்காவிடம் நீட்டினேன்.

செல்வி அக்கா ஐம்பதைத் தொட்டவர், ஒல்லி, முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு வேலை செய்வார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குங் பாப்பா சீமைக் கத்தி? நகம் இருக்குது. தேஞ்சா தானா மொளைக்கும்."

"அக்கா, இது சீக்கிரம் வெட்டுங்க்கா."

"சீக்கிரம் வெட்டி? உங்கண்ணன் என்னை மத்தியானமே வூட்டுக்கு அனுப்பிடுவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது கத்தியை அண்ணனே கூடுதலாக வைத்துக்கொண்டார். செல்வி அக்கா கட்டைவிரல் நகத்தால் டக், டக் என்று துளிரைக் கிள்ளிக்கொண்டே மேற்குப் பக்கம் போனார். கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார். அதை நான் கவனித்தேன். படித்தவள் அல்லவா, தேவையானதைக் கவனிப்பேன்.

4

தேமல் முதலில் செல்வி அக்கா கண்ணில்தான் பட்டது. பிப்ரவரியில் ஒருநாள் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். எனக்கு அப்போதுதான் வேலைக்கு நடுவில் டீ இடைவேளை.

"பாப்பா, இத என்னன்னு பாரு. செல்விதான் காட்டுச்சு. 'எல கொழந்தைக்குத் தேமல் வந்தாப்பல இருக்குதுங்க'ன்னு. நான் பாத்தேன், ஒண்ணுந் தெரியல. கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியுது."

துளிர் இலை திரையில் பெரிதாகத் தெரிந்தது. கரும்பச்சை, வெளிர்பச்சை, ஓரத்தில் லேசான சுருக்கம். என் மனம் துள்ளியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துள்ளியது. தினமும் நான் தேடுகிற பொருள் எங்கள் ஊரிலேயே!

"அண்ணா, இது தொட்டாப் பரவற வைரஸ் மாதிரி இருக்குது. அங்க யாராச்சும் பொயிலை போடறாங்களா?"

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சொன்னார்: "செல்வி அக்கா போடும்."

"அதான்! பொயிலைச் செடிக்கும் இதே கூட்டத்து வைரஸ் வரும். கையில ஒட்டியிருக்கும். அவங்கள உள்ள உடாதீங்க."

ஏழு நிமிடப் பேச்சு. டீ ஆறவில்லை. திருப்தியாகப் போய் வேலையில் நின்றேன். இலையை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன். படிவம் தப்பு என்று ஒருமுறை திரும்பி வந்து, மறுபடி போய், வைரஸ்தான் என்று முடிவு வருவதற்குள் அண்ணன் பாதிக் குடிலைப் பிடுங்கி எரித்திருந்தார். முடிவைப் பார்த்து நான் என்னையே மெச்சிக்கொண்டேன். வைரஸ் என்று சொன்னேன், வைரஸ். யார் என்று சொன்னதும் அதனால் சரியாகிவிட்டது.

அண்ணன் நல்லவர். "கொஞ்ச நாளைக்கு வேணாங்க்கா" என்று மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார். ஆனால் ஊர் வாய் மரியாதை பார்க்குமா? செல்வி தொட்டால் செடி கருகும் என்று ஆரம்பித்து, செல்வி வாயிலேயே விஷம் என்பது வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் மற்றக் குடில்காரர்களும் கூப்பிடவில்லை. அவர் ஒகேனக்கல்லில் ஒரு மீன் வறுவல் கடைக்கு மீன் கழுவப் போய்விட்டார் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். "ஓ" என்றேன். அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன்.

எங்கள் கண்ணாடிப் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. நோய்ப்பட்ட செடியை முதலில் காட்டுகிறவருக்கு அந்த வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வைப்பார்கள், கிரீம் போட்ட பெரிய கேக். பெயரை அறிவித்துக் கைதட்டுவார்கள். முதலில் எனக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. பியாட்டாதான் சொன்னார்: "காட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை யாரும் காட்டமாட்டார்கள். மறைப்பார்கள். ஒரு வாரம் மறைத்தால் ஒரு ஏக்கர் போய்விடும்." நானே இரண்டு முறை கேக் வாங்கியிருக்கிறேன்.

செல்வி அக்காவுக்கு நான் வாங்கித் தந்தது என்ன?

5

இரண்டாவது கோடு வந்த மறுநாள், பிப்ரவரி மாதத்து வீடியோக்களைத் தேடி எடுத்தேன். நோய் தெரிந்த செடிகளில் அண்ணன் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அன்று நான் இலையை மட்டும்தான் பார்த்தேன். இப்போது துணிகளைப் பார்த்தேன்.

இங்கே நோய் தெரிந்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த வரிசையில் யார் கை? பூச்சி கொண்டுவந்த நோய் திட்டாகத் தெரியும். கை கொண்டுவந்தது வரிசையோடு ஓடும். பக்கத்து வரிசை சுத்தமாக நிற்கும். ஒருவர் நடந்த வழி மட்டும் நோய்ப்பட்டிருக்கும். இதைத் தினமும் எழுதுகிறவள், ஊரில் கேட்கவே இல்லை.

வாசலிலிருந்து ஆறு வரிசை சிவப்பு. மேற்கே நாலு வரிசையில் ஒரு துணிகூட இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, மேக்கால நாலு வரிசை யாரு பாத்தது?"

"இப்ப எதுக்கு அது? செடியே எரிச்சாச்சு."

"சொல்லுண்ணா."

"செல்விதான். சாயங்காலம் அந்தப் பக்கம் வெயில் எறங்கும், வேற யாரும் நிக்க மாட்டாங்க."

"மத்த ஆறும்?"

"நான், உங்கண்ணி, அந்தப் புள்ள."

"மூணு பேரும் என் கத்தியில. செல்வியக்கா மட்டும் நகத்துல."

பிறகு கோட்டைப் பற்றிச் சொன்னேன், பெட்டியைப் பற்றிச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"சும்மா இரு பாப்பா. மந்திரிச்ச கத்தி அது. அங்கத்திய சாமான்ல எங்க கிருமி? நம்மூரு மாதிரியா?"

"இங்கதாண்ணா இருந்துச்சு. போன வருசம் எங்க பண்ணையில ஒரு பகுதி பூராவும் வந்துச்சு."

"சரி, வந்துச்சு. இதப் போயி யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. ஆன பேச்சு ஆயிப்போச்சு. இப்ப போயி 'எந்தங்கச்சி கொண்டாந்தது'ன்னு சொன்னா, பக்கத்துக் குடில்காரன் எங்கிட்டதான் வருவான். அவனுக்கும் தேமல் வந்திருக்குதாம்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. அதற்குள் ஃபோன் கை மாறியது. ரோஸி அண்ணி.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஜென்சி, பொயிலை போடறவங்க யாருன்னு கேட்டது நீ. பேரச் சொன்னது நானு. வர வேணாம்னு அனுப்பினது உங்கண்ணன். மூணு பேரும் மூணு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அந்தம்மா மீனக் கழுவிக்கிட்டே இருக்கறதா?"

"என்ன பண்ணலாம் அண்ணி?"

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் பஸ் ஏறறேன். நீ ஃபோனை எடு. அது போதும்."

பின்னாலிருந்து அண்ணன் குரல்: "கத்திங்கள என்ன செய்யட்டும்?"

"கழுவாதீங்க! கத்திக்கொரு கவர்ல தனித்தனியாப் போட்டுக் கட்டி வைங்க. யாரும் தொட வேண்டாம்."

"பாம்பு மாதிரி சொல்றா" என்று அண்ணன் முனகியது கேட்டது. ஆனால் கவரைத் தேடும் சத்தமும் கேட்டது.

6

ஞாயிறு. எனக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். அங்கே ஒகேனக்கல் மீன் கடையில் மதியக் கூட்டம். அண்ணி ஃபோனைத் திருப்பியதும் முதலில் தெரிந்தது புகை. மிளகாய்ப்பொடி தடவிய மீன் வரிசை. அப்புறம் செல்வி அக்கா, அதே முழுக்கைச் சட்டை.

"யாரு, ஜென்சி பாப்பாவா? இரு, கையக் கழுவிட்டு வாரேன். செதிலு. ஃபோன்ல ஏதாச்சும் ஒட்டிக்கிட்டா அப்பறம் எம்பேர்ல எழுதிடுவ."

அது எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேங்க" என்று ஆரம்பித்து, முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அது உங்கத்தி."

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாதுங்க்கா. கோடு வந்தது எங்கிட்ட இருந்த கத்தியில. அண்ணங்கிட்ட இருக்கறத இன்னும் பாக்கல. ஆனா உங்க வரிசை நாலும் நல்லா இருந்துச்சு."

"அத நானேதான உங்கண்ணங்கிட்ட சொன்னேன்! 'எம்பக்கம் வந்து பாருங்க, எம்பக்கம் வந்து பாருங்க'ன்னு. வந்தாரா? 'பாப்பா ஃபோன்ல சொல்லிடுச்சு'ன்னாரு. கிட்ட இருக்கறவ கண்ணு தெரியல, எட்ட இருக்கறவ கண்ணு தெரிஞ்சுதாக்கும்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டதில் ஃபோனும் சாய்ந்து, கொஞ்ச நேரம் எனக்கு எண்ணெய்ச் சட்டிதான் தெரிந்தது.

"பொயிலைய உட்டு அஞ்சு மாசம் ஆச்சு" என்றது செல்வி அக்காவின் குரல். "நெசமாவே எங்கையாலதான் செடி போச்சோன்னு நெனச்சு உட்டேன். ராவெல்லாம் கையப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கேன். சரி, இப்பச் சொல்லு. இனி போட்டுக்கலாமா?"

"வேண்டாங்க்கா. குடிலுக்கு வர்றவங்க யாருமே போடக் கூடாது. அதுலயும் இருக்க வாய்ப்பு இருக்குது."

"பாத்தியா ரோஸி! குத்தம் இவளுது, பத்தியம் எனக்காம்!"

கடைக்காரர் கரண்டியோடு சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் என்ற சொல் எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் கைக்கு நாற்பது முறை முக்கக் கிருமிநாசினி இருந்தது. அவர் கைக்கு நான் ஒரு சந்தேகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தேன், கழுவினால் போகாத சந்தேகம்.

"வேலைக்குத் திரும்ப வாங்கக்கா. அண்ணன் ஆவணியில புதுச்செடி வெக்கறாரு."

"ஆடி பதினெட்டு முடியற மட்டும் இங்க உட்டுட்டு வர முடியாது. ஜனம் கொட்டும். அதுக்கப்பறம் பாக்கலாம். ஆனா ஒண்ணு." முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "எங்கிட்டச் சொன்னது பத்தாது. எங்க ஆரம்பிச்சுதோ அங்க சொல்லணும். காலையில பால் ஊத்த சொசைட்டிகிட்ட எல்லாரும் நிப்பாங்கல்ல, அங்க. உங்கண்ணன் வாயால. 'செல்வி இல்ல, கத்தி'ன்னு. உங்கண்ணன் மட்டுமில்ல, நீயும். ஃபோன்ல இல்ல. ஆளா வந்து."

"வாரேங்க்கா" என்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரே வரியில் செய்தி அனுப்பினார்: "சொல்லலாம். நீ பக்கத்துல நில்லு."

7

விடுப்புக் கேட்டுவிட்டேன். விரல்ரேகைக்குக் கொடுத்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதமும் எழுதிவிட்டேன். அந்த அட்டை கைக்கு வரும்வரை திரும்பி நுழைய இன்னொரு தாள் வேண்டுமாம், அதற்கும் விண்ணப்பித்தாயிற்று. பியாட்டாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கேக் யார் வாங்குவது?"

போய் என்ன செய்வது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு நிற்பது இது. பரிசுப் பொருள் எதுவும் இல்லை. இங்கே போட்ட உடுப்பு, செருப்பு எதுவும் குடில் பக்கம் வராது. பென்னாகரத்தில் இறங்கியதும் புதிதாக வாங்கிக்கொள்வேன். கடையில் வாங்கிய பிரிக்காத பட்டைகள் மட்டும் பெட்டியில். குடில் வாசலில் ஒரு வாளி பால். பால்மாவைக் கரைத்துக் கையையும் கத்தியையும் முக்கினால், பாலில் இருக்கும் சத்து வைரஸைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இங்கே அப்படியும் செய்கிறோம். இதைச் சொன்னதற்கே அண்ணி, "கொழந்தைக்கு ஊத்தற பாலுல கையக் கழுவறதா? ஊரே காறித் துப்பும்" என்றார். அதை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. செல்வி அக்கா சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அதற்கெல்லாம் முன்னால் பால் சொசைட்டி. கவரில் கட்டிய நான்கு கத்திகளையும் அங்கேயே பிரித்து, எல்லோர் கண் முன்னாலும் சுரண்டிப் பட்டையை நிறுத்தப்போகிறேன். பக்கத்துக் குடில்காரரும் இருக்கட்டும். அவர் கத்தியையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கோடு வந்தால் வந்தது. வராமலும் போகலாம், இத்தனை மாதம் கழித்து. வராவிட்டாலும் சொல்ல வேண்டியதை அண்ணனும் நானும் சொல்லித்தான் ஆக வேண்டும். செல்வி அக்காமேல் நான் பழி போட்ட நாளில் என் கையில் எந்தக் கோடும் இல்லை.

பிறகு கேக். பென்னாகரம் பேக்கரியில் கிரீம் கேக் கிடைக்கும், பஸ்ஸில் உருகாமல் வருவதுதான் பாடு. பிப்ரவரியில் வெட்டியிருக்க வேண்டியது.

புதுச்செடி வைத்து மூன்றாம் வாரம் முதல் சோதனை. மேற்குப் பக்கத்தில் ஆரம்பிப்போம். செல்வி அக்கா முன்னால் நடப்பார். எந்த இலையைக் கிள்ளுவது என்று அவர் சொல்லட்டும். பட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போகிறேன்.